பழவேற்காட்டுப் பனைக்கு யார் காவல்?

படகு சவாரிக்கும் இறாலுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழவேற்காடு போய்வருபவர்கள் நம் குடியிருப்பில் நிறையப் பேர் உண்டு. பழைய வேலமரக் காடு என்றுதான் அந்தப் பெயருக்கு வழக்கமாகப் பொருள் சொல்கிறார்கள். டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைகள் இன்றும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. கல்லுக்குக் காவல் இருக்கிறது. பெயரிலேயே காட்டை வைத்திருக்கும் ஊரில் மரத்துக்கு?

இங்கிலாந்துக் கிராமங்களில் இதற்கு ஒரு நேரான வழி உண்டு. 1990-ம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டச் சட்டத்தின்படி, ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் ஒற்றை ஓக் மரத்துக்குக்கூட உள்ளாட்சி மன்றம் பாதுகாப்பு ஆணை போடலாம். போட்டுவிட்டால், மரத்தின் சொந்தக்காரரே ஆனாலும் கிளை கழிக்கவும் அனுமதி கேட்க வேண்டும். நம் மாநிலத்தில் மலைப்பகுதிகளுக்கு 1955-லேயே மரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சமவெளிக்கு அப்படி ஒன்று வரவில்லை.

பழவேற்காட்டில் சட்டம் நிலத்தைத்தான் முதலில் பார்த்தது. ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 1991-ல் மத்திய அரசின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தபோது, அலையாத்தி மரங்கள் நிற்கும் இடம் மிகக் கடுமையான பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்தது. 2011-லும் 2019-லும் அறிவிக்கை மாறிய பிறகும் அந்த இடம் அதே பிரிவில்தான் இருக்கிறது. மீனவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. அலையாத்தியின் வேருக்கடியில்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்கின்றன.

பனை இந்தக் கோடுகளுக்கு வெளியே நின்றது. வரப்பிலும் பட்டா நிலத்திலும் நிற்கிற மரத்தைச் சரணாலய எல்லையா காப்பாற்றும்? ஆனால் ஏரிக்கரை வாழ்க்கையில் பனை எங்கும் இருக்கிறது. கழுத்தளவு தண்ணீரில் கைகளால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள், பனையோலையால் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் நகர்வார்கள். இரண்டு கையும் சேற்றில் இருக்கும்போது பிடித்த இறாலைப் போட அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை! பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் குருத்தோலையைக் கிழித்து, சாயம் ஏற்றி, பெட்டியும் கூடையுமாகப் பின்னுகிறார்கள். தலைமுறைகளாக வரும் தொழில். மரத்துக்கு மிஞ்சிப்போனால் சில குருத்துகளைத்தான் வெட்டலாம். அளவு மீறினால் மரம் நலிந்துவிடும். இன்று விதைத்த பனை பலன் தர பதினைந்து, இருபது வருடம் ஆகும். ஆகவே வெட்டுப்பட்ட மரத்துக்கு ஈடாகக் கன்று நடுவது என்பது பின்னுகிற பெண்ணின் மகளுக்குத்தான் உதவும்.

1978-ல் பனை மாநில மரம் ஆனது. பட்டம் கிடைத்ததே தவிர, செங்கல் சூளைக்குப் போவது நிற்கவில்லை. 14 ஆகஸ்ட் 2021-ல் தாக்கலான தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில்தான், தவிர்க்க முடியாமல் பனையை வெட்ட நேர்ந்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்ற அறிவிப்பு வந்தது. 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்குவதாகவும் அதில் இருந்தது. இங்கிலாந்து முறைக்குப் பக்கத்தில் நாம் வந்த இடம் இது. பட்டா நிலத்துப் பனைக்கும் கேள்வி கேட்க ஓர் ஆள் வந்தார்.

எனக்கு ஒரு கவலை மட்டும் இருக்கிறது. பனையேற ஆள் குறைந்து, ஓலைப் பெட்டிக்குப் பதில் பிளாஸ்டிக் கூடை வந்த பிறகு, நிலத்துக்காரருக்கு அந்த மரத்தால் வருமானம் இல்லை. வருமானம் தராத மரத்தை அனுமதிச் சீட்டு மட்டும் எத்தனை நாள் நிறுத்திவைக்கும்? அடுத்த முறை போகும்போது ஓலைப் பெட்டி ஒன்று வாங்கி வாருங்கள். காய்கறி வைக்க நன்றாக இருக்கும். பொன்னேரி பக்கம் மனை பார்க்கிறவர்கள், வரப்பில் நின்ற பனைகள் என்ன ஆயின, வெட்டியிருந்தால் ஆட்சியரின் அனுமதி எங்கே என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.