தொழிற்பேட்டையின் மரத்த கைகள்

மணவாள நகரை உள்ளிட்ட திருவள்ளூர் வட்டாரம் 1997இல் தனி மாவட்டமாகும் வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்ததால், இங்கே கை மரத்துப்போதலின் மருத்துவ வரலாறு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையிலிருந்தே தொடங்குகிறது. 1947இல் அங்கு ராபர்ட் காக்ரேனிடம் வந்த வேலூர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், நோயாளிகளின் மடங்கிய விரல்களைக் கண்ட பின்னரே, தசைநாண்களை இடம் மாற்றி அவற்றை நிமிர்த்தும் சிகிச்சையை வளர்த்தெடுத்தார்.

கை மரத்தாலே தொழுநோயோ என்று அஞ்சிய ஊர்களில் தொழிற்சாலைகள் எழுந்தபோது, அதே அறிகுறி வேறொரு காரணத்தோடும் வந்தது. மணிக்கட்டில் எலும்புகளுக்கும் குறுக்கே ஓடும் கெட்டியான தசைநாருக்கும் இடைப்பட்ட குறுகிய வழியில் ஒன்பது தசைநாண்களும் நடுநரம்பும் செல்கின்றன. அங்கே வீக்கமோ அழுத்தமோ மிகுந்து அந்நரம்பு நெரிபடுவதே ‘கார்பல் டனல் சிண்ட்ரோம்’. தொழுநோய் பெரும்பாலும் சுண்டுவிரல் பக்க நரம்பைத் தாக்க, இதுவோ சுண்டுவிரலை விட்டுவிட்டுக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல்களை மதமதக்கச் செய்து, நள்ளிரவில் எழுப்பிக் கையை உதற வைக்கிறது.

ஜேம்ஸ் பேஜெட் 1854இலேயே இந்த நெரிப்பை விவரித்தார். தசைநாரை வெட்டி நரம்பை விடுவிக்கலாம் என்று பியர் மரீயும் ஷார்ல் ஃபுவாவும் 1913இல் கருத்துரைத்தனர். இன்றும் தொடக்க நிலையில், மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையை இரவில் கட்டுவதும் ஸ்டீராய்டு ஊசியும் உதவுகின்றன. கட்டைவிரல் மேடு வற்றத் தொடங்கினால் அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது. நீரிழிவும் தைராய்டு குறையும் கருவுற்றிருத்தலும் இதைத் தூண்டும் என்பதோடு, 1950களில் இந்நோயைப் பரவலாக அறியச்செய்த ஜார்ஜ் ஃபேலன் தொழிலைக் காரணமாக ஏற்கத் தயங்கியதும், அதிரும் கிரைண்டிங் மெஷினை நாள் முழுதும் இறுகப் பிடிப்போரின் முறையீட்டை வெகுகாலம் வலுவிழக்கச் செய்தது.

வடசென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைத் துறையை ஆர். வெங்கடசாமி நிறுவியதால், இயந்திரத்தில் சிக்கிய விரல்களுக்கு இப்பகுதியிலேயே நல்ல புகலிடம் கிடைத்தது. சட்டமும் வெட்டுண்ட விரலைத்தான் நன்கு அறிந்திருந்தது: 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் முழுக் கட்டைவிரல் இழப்புக்கு 30 விழுக்காடு என அட்டவணையிலேயே குறித்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் தொழில்நோய்ப் பட்டியலில் 2010இல் மணிக்கட்டு நரம்பு நெரிப்பைப் பெயர் சொல்லிச் சேர்த்த பிறகும், 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அறிவிக்கப்பட வேண்டியவையாக வகுத்த நோய்களுள் அது இடம்பெறவில்லை. ஆகவே, கட்டைவிரல் இருந்தும் சட்டைப் பொத்தானைப் பூட்ட இயலாத தொழிலாளி, அது வேலையால் வந்ததென்று தானே நிறுவ வேண்டியவரானார்.