முப்பத்து மூன்று பூடில்களும் ஒரு பெயரும்

நம் நண்பர் ஒருவருடைய மகள் மெல்போர்ன் நகரில் வாழ்கிறார். எட்டு வயதுப் பேரனுக்கு ஒரு நாய்க்குட்டி வேண்டுமாம். ஆனால் அவனுக்கோ இழுப்பு நோய். "லாப்ரடூடில் என்றொரு நாய் இருக்கிறதாம், முடியே உதிராதாம், இழுப்புக்காரர்கள் வீட்டிலும் வளர்க்கலாமாம். இது மெய்தானா?" என்று நண்பர் நம்மிடம் வினவினார். கல்வெட்டையும் காப்பியத்தையும் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர்களிடம் நாயைப் பற்றிக் கேட்டால் திகைக்காமல் என்ன செய்வது? இருப்பினும் வினவியவர் நண்பர், வினாவோ ஒரு குழந்தையின் மூச்சைப் பற்றியது. எனவே தேடத் தொடங்கினோம். தேடத் தேட, அந்தச் சுருள்முடிக்குள் சில நூற்றாண்டுகளின் வரலாறு சிக்கிக் கிடப்பதைக் கண்டு வியந்தோம். அதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

லாப்ரடூடில் என்பது லாப்ரடார் இனத்தையும் பூடில் இனத்தையும் கலந்து பெறப்பட்ட நாய். ஆகவே முதலில் பூடிலின் வரலாற்றைக் காண்போம்.

பூடில் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது யாது? பின்புறம் மழிக்கப்பட்டு, கணுக்கால்களில் பந்து பந்தாக முடி விடப்பட்டு, சீமாட்டி ஒருவரின் மடியில் அமர்ந்திருக்கும் நாய். திரைப்படங்கள் நமக்குக் கற்பித்த உருவம் அது. ஆனால் இவ்வினம் தோன்றியது மடியில் அன்று, சேற்று நீரில்! நீரில் துளைவதைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லிலிருந்தே பூடில் என்னும் பெயர் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இதனைக் கனீஷ் என்பர். அச்சொல்லுக்கு வேர் வாத்து. வேட்டைக்காரன் வீழ்த்திய வாத்தைக் குளிர்ந்த நீரில் நீந்திச் சென்று கவ்வி வருவதே இதன் தொழில். நீந்துவதற்கு இடையூறாக இருந்த முடியை மழித்துவிட்டு, குளிர் தாக்காதிருக்க மார்பிலும் மூட்டுகளிலும் மட்டும் முடியை விட்டுவைத்தனர் என்பது அந்த விந்தையான ஒப்பனைக்கு மரபாகக் கூறப்படும் காரணம். தொழிலாளியின் சீருடை பிற்காலத்தில் பகட்டின் அடையாளமாயிற்று. பாரிஸ் நகரின் போன் நெஃப் பாலத்தருகே நாய்களுக்கு முடி திருத்துவதையே பிழைப்பாகக் கொண்டோர் இருந்தனர் என்றால், அந்நகரில் இந்த ஒப்பனைக்கு இருந்த வரவேற்பை ஊகித்துக்கொள்ளலாம்.

வரலாற்றிலும் இலக்கியத்திலும் பூடில் பெற்ற இடம் சிறிதன்று. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் அரசரின் படைத்தலைவராக விளங்கிய இளவரசர் ரூபர்ட்டுடன் பாய் என்னும் வெள்ளை நாய் ஒன்று களத்துக்கே சென்று வந்தது. வேட்டைப் பூடில் என்று பொதுவாகக் கூறப்படும் அந்நாய்க்கு மாய ஆற்றல் உண்டென்று அன்றைய துண்டறிக்கைகள் எழுதின. 1644ஆம் ஆண்டு மார்ஸ்டன் மூர் போரில் அது கொல்லப்பட்டது. கெதேயின் ஃபாஸ்ட் நாடகத்தின் முதற்பகுதியில் (1808) சாத்தான் முதன்முதலில் வீட்டுக்குள் நுழைவதும் ஒரு கரிய பூடிலின் உருவில்தான்.

இவற்றினும் நம்மை ஈர்த்த செய்தி ஒன்று உண்டு. தத்துவ அறிஞர் ஷோபன்ஹவர் பிராங்க்பர்ட் நகரில் 1860இல் இறக்கும் வரை பூடில்களை ஒன்றன்பின் ஒன்றாக வளர்த்து வந்தார். அவையனைத்துக்கும் அவர் இட்ட பெயர் ஒன்றே. அது ஆத்மா! தாரா ஷுகோ பாரசீகத்தில் பெயர்க்கச் செய்த உபநிடதங்களை, ஆன்கெதில் துப்பெரோன் என்னும் பிரெஞ்சுக்காரர் இலத்தீனுக்குக் கொண்டுசென்றார். அந்த இலத்தீன் நூலை ஷோபன்ஹவர் போற்றிப் படித்தார். இங்ஙனம் முகலாய இளவரசனின் அவையிலிருந்து புறப்பட்ட ஒரு சொல், ஒரு ஜெர்மானிய நாயின் கழுத்துப்பட்டையில் வந்து சேர்ந்தது. உடல் மாறினாலும் உள்ளிருப்பது ஒன்றே என்று அவர் கருதினார் போலும்.

சரி, வரலாற்றுக்குத் திரும்புவோம். 'தூய இனம்' என்று இன்று நாம் வழங்கும் கருத்து பழமையானதன்று. அதற்கு முன்னர் நாய்களைத் தொழிலைக் கொண்டே பிரித்தனர். நன்றாக நீந்தும் நாயை நன்றாக நீந்தும் நாயுடன் சேர்த்தனர், அவ்வளவே. 1859இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடந்த நாய்க் கண்காட்சி ஒரு புதிய காலத்தைத் தொடங்கிவைத்தது. 1873இல் இலண்டனில் கென்னல் கிளப் தோன்றியது. 1884இல் அமெரிக்கக் கென்னல் கிளப் தோன்றியது. இவை குலவரிசை ஏடுகளைத் திறந்தன. ஏட்டில் பெயருள்ள தாய்க்கும் ஏட்டில் பெயருள்ள தந்தைக்கும் பிறந்ததே தூய நாய் என்பது விதியாயிற்று. காலப்போக்கில் ஏடு மூடப்பட்டது. வெளியிலிருந்து புதிய குருதி வருவதற்கு வழி அடைபட்டது.

1935இல் வெள்ளைப் பூடில் ஒன்று நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் முதற்பரிசைப் பெற்றது. அதுவரை அமெரிக்காவில் அதிகம் அறியப்படாதிருந்த இனம் அதன் பின்னர் ஏறுமுகம் கண்டது. 1960 முதல் 1982 வரை அமெரிக்கக் கென்னல் கிளப்பில் மிகுதியாகப் பதிவான இனம் பூடிலே. தோள் உயரம் 15 அங்குலத்துக்கு மேற்பட்டது ஸ்டாண்டர்ட், 10 முதல் 15 வரை மினியேச்சர், அதற்கும் கீழே டாய் என்று மூவகையாக அது வீடுகளை நிறைத்தது.

புகழுக்கு ஒரு விலையும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பரிசு பெற்ற ஒரு சில நாய்களின் வழித்தோன்றல்களையே பலரும் நாடினர். அதனால் ஸ்டாண்டர்ட் பூடிலின் மரபணு வளம் குறுகியது. தோலின் நெய்ச்சுரப்பிகளை அழிக்கும் நோயும் அடிசன் நோயும் இவ்வினத்தில் மிகுந்து காணப்படுவதை, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2015இல் இக்குறுக்கத்தோடு இணைத்துக் காட்டினர். ஏட்டைக் காத்தவர்கள் நாயைக் காக்க மறந்தார்களோ என்று நமக்குத் தோன்றியது.

இனி, நண்பரின் வினா பிறந்த இடத்துக்கு வருவோம். அதுவும் மெல்போர்ன்தான்.

1980களில் ஹவாய்த் தீவில் வாழ்ந்த பார்வையற்ற பெண்மணி ஒருவர் ஆஸ்திரேலியாவின் அரச வழிகாட்டி நாய்ச் சங்கத்துக்கு ஒரு மடல் எழுதினார். அவருக்கு வழிகாட்டி நாய் தேவை. ஆனால் அவருடைய கணவருக்கு நாய் ஒவ்வாமை. அச்சங்கத்தில் நாய்களின் இனப்பெருக்கப் பணியைக் கவனித்து வந்த வாலி கான்ரன் முதலில் எண்ணியது தூய பூடிலைத்தான். முடி உதிராது, அறிவிலோ குறைவில்லை. மூன்றாண்டுகளில் முப்பத்து மூன்று பூடில்களைத் தாம் பயிற்றிப் பார்த்ததாகவும், ஒன்றுகூடத் தேறவில்லை என்றும் அவரே பின்னாளில் கூறியுள்ளார். (இன்று சில நாடுகளில் பூடில்களும் வழிகாட்டி நாய்களாகப் பணியாற்றுகின்றன. எனவே குறை முழுவதும் இனத்தினுடையது என்று கொள்ள வேண்டா.)

இறுதியில் அவர் ஒரு லாப்ரடார் பெட்டையை ஸ்டாண்டர்ட் பூடிலுடன் சேர்த்தார். குட்டிகள் மூன்று பிறந்தன. அவற்றின் முடியும் உமிழ்நீரும் ஹவாய்க்கு அனுப்பப்பட்டன. ஒன்றன் மாதிரி மட்டும் அந்தக் கணவருக்குத் தொல்லை தரவில்லை. சுல்தான் என்று பெயர் பெற்ற அந்தக் குட்டி, பயிற்சி முடித்து ஹவாய் சென்று சேர்ந்தது. மூன்றில் ஒன்று! நண்பர் இதனை நினைவில் கொள்ள வேண்டும். அடுத்த ஈற்றில் பிறந்த பத்துக் குட்டிகளில் மூன்றே ஒவ்வாமை தராதவை என்று கான்ரன் கூறுகிறார்.

இதன் பிறகு நடந்ததுதான் சுவையானது. வழிகாட்டிப் பயிற்சிக்கு முன்னர் குட்டிகளைக் குடும்பங்கள் சில மாதங்கள் வளர்த்துத் தர வேண்டும். தூய லாப்ரடார் குட்டிக்காகக் காத்திருந்த குடும்பங்கள் பல. ஆனால் இந்தக் கலப்புக் குட்டியை வாங்கிக்கொள்ள எவரும் முன்வரவில்லை. கான்ரன் விளம்பரப் பிரிவினரிடம் சென்று, புதிய வகை நாய் ஒன்றை உருவாக்கியிருப்பதாகவும் அதன் பெயர் லாப்ரடூடில் என்றும் செய்தியாளர்களுக்கு அறிவிக்கச் சொன்னார். குட்டியில் ஒரு மயிரும் மாறவில்லை. மாறியது பெயர் ஒன்றே. தொலைபேசி ஓயாமல் ஒலித்தது! நேற்று வரை கலப்பு என்று ஒதுக்கப்பட்டது, இன்று அரும்பொருள் ஆயிற்று.

அப்பெயரும் முற்றிலும் புதியதன்று. நீர்மேல் விரைவோட்டத்தில் சாதனை படைத்த டொனால்ட் கேம்ப்பெல் 1955இலேயே தம் நாயை லாப்ரடூடில் என்று நூலொன்றில் குறித்துள்ளார். காக்கர் ஸ்பேனியலும் பூடிலும் கலந்த காக்கப்பூவும் அமெரிக்காவில் அதற்கு முன்பே அறிமுகமாகியிருந்தது. எனினும் ஊரெல்லாம் பித்துப் பிடித்தது கான்ரனின் அறிவிப்புக்குப் பின்னரே. கோல்டன்டூடில், கேவப்பூ என்று பெயர்கள் பெருகின. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒபாமா குடும்பத்தினர் வெள்ளை மாளிகைக்கு நாய் தேடியபோது இறுதிப் பட்டியலில் இருந்த இரண்டனுள் லாப்ரடூடிலும் ஒன்று. (அவர்கள் தேர்ந்தது போர்த்துக்கீசிய நீர்நாய் இனத்தை. அவர்களுடைய மகளுக்கும் ஒவ்வாமை உண்டு.)

இனி ஒவ்வாமை. நாய் ஒவ்வாமைக்கு முடி காரணமன்று. உமிழ்நீரிலும் தோல் செதிளிலும் உள்ள புரதங்களே காரணம். கேன் எஃப் 1 என்பது அவற்றுள் முதன்மையானது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வாமை தராதவை எனப் போற்றப்படும் லாப்ரடூடில், பூடில் முதலியவற்றின் முடியில் அப்புரதம் மற்ற நாய்களினும் கூடுதலாகவே இருந்தது. லாப்ரடூடில் வளர்ந்த வீடுகளின் தரைத் தூசியில் அது சற்றுக் குறைவு. ஆனால் காற்றில் வேறுபாடு இல்லை. 2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றும் இத்தகைய நாய்கள் உள்ள வீடுகளுக்கும் பிற நாய்கள் உள்ள வீடுகளுக்கும் இடையே வேறுபாடு காணவில்லை. முடி உதிராமை வீடு பெருக்குபவருக்கு வரம். நுரையீரலுக்கு அதுவே வரம் என்று சொல்வதற்கில்லை.

முடி உதிராமையும் உறுதியன்று. நாயின் முடிவகை பெரும்பாலும் மூன்று மரபணுக்களால் அமைகிறது என்று 2009இல் கண்டறிந்தனர். மீசையும் தாடியும் தரும் மரபணு பூடிலிடமிருந்து எளிதில் இறங்கும். நீளமும் சுருளும் அவ்வாறல்ல. கலப்பின் இரண்டாம் தலைமுறையில் ஒரே ஈற்றில் பலவகைக் குட்டிகள் பிறக்கும். எனவே உதிர்வைக் குறைக்க விரும்புவோர் கலப்பினத்தை மீண்டும் பூடிலுடனேயே சேர்க்கின்றனர். இதன் விளைவு யாது? பல தலைமுறைகளாகப் பெருக்கப்பட்ட ஆஸ்திரேலிய லாப்ரடூடிலின் மரபணுத் தொகுதியை 2020இல் ஆராய்ந்தவர்கள், அதில் பூடிலின் பங்கே மேலோங்கி நிற்பதைக் கண்டனர். பூடில் என்றால் முகம் சுளித்தவர்கள், வேறு பெயரில் பெரும்பாலும் பூடிலையே வாங்கிச் செல்கின்றனர்! ஷோபன்ஹவர் கேட்டிருந்தால் நகைத்திருப்பார்.

கலப்பினம் நோயற்றது என்ற நம்பிக்கையும் அளவுகடந்தது. பிரிட்டனில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 2024இல் வெளியான ஆய்வு, காக்கப்பூ, லாப்ரடூடில், கேவப்பூ ஆகியவற்றை அவற்றின் தாய்தந்தை இனங்களுடன் ஒப்பிட்டது. 86.6 விழுக்காடு ஒப்பீடுகளில் வேறுபாடே இல்லை. எஞ்சியவற்றில் கலப்பினம் சிலவற்றில் மேலாகவும் சிலவற்றில் கீழாகவும் இருந்தது. ஆயினும் ஏட்டுக்காரர்கள் இதைக் கொண்டு மகிழ இடமில்லை. தூய்மையும் நலம் எதையும் கூட்டித் தந்துவிடவில்லை என்பதும் இதே எண்ணிலிருந்து புலப்படுகிறதன்றோ? தூய பூடிலுக்கு உள்ள உண்மையான சிறப்பு ஒன்றே. குட்டி வளர்ந்தால் எவ்வாறிருக்கும் என்பதை முன்கூட்டியே பெரும்பாலும் சொல்லிவிட முடியும். டூடில்களின் அலையலையான முடியோ வாரத்தில் சில நாள் சீவாவிடில் தோலோடு சடை பிடித்துவிடுகிறது. 'பராமரிப்பு எளிது' என்று கேட்டு வாங்கியவர்கள் பலர் இதனை அறிந்திருப்பதில்லை.

தாம் தொடங்கியது கைமீறிச் சென்றதற்காக வருந்துவதாகக் கான்ரன் 2014இலும் 2019இலும் வெளிப்படையாகச் சொன்னார். பணத்துக்காக நோயுற்ற நாய்களைக் கண்டபடி சேர்ப்பவர்களே அவரது மனத்தை உறுத்தினர். ஒரு பார்வையற்ற பெண்ணுக்கு உதவ முனைந்தவர் அவர். அவரைக் குறைகூற நமக்கு மனமில்லை.

இவற்றையெல்லாம் நண்பரிடம் சொன்னோம். இனத்தைப் பார்க்காமல் அந்தக் குறிப்பிட்ட நாயைப் பார்க்க வேண்டும் என்றும், பையன் அதனுடன் சில மணிநேரம் இருந்து பார்த்து, மருத்துவரையும் கலந்துகொண்ட பின்பே முடிவு செய்ய வேண்டும் என்றும், தாய்நாய் தந்தைநாய் இரண்டின் மருத்துவச் சான்றுகளைக் கேட்க வேண்டும் என்றும் கூறினோம். தூய பூடிலையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாமே என்றோம். அவர் தொலைபேசியில் மகளிடம் இதைத் தெரிவித்தபோது பேரன் குறுக்கிட்டு, "பூடில் வேண்டாம் தாத்தா, பள்ளியில் சிரிப்பார்கள்" என்றானாம்.

ஜான் சூட்டர் என்பவர் 1988 முதல் 1991 வரை ஸ்டாண்டர்ட் பூடில்கள் இழுத்த சறுக்குவண்டியுடன், அலாஸ்காவின் ஏறத்தாழ ஆயிரம் மைல் இடிடராட் பனிப்பந்தயத்தில் கலந்துகொண்ட கதையை எழுதி அனுப்பினோம். பிற்பாடு வடபுல இன நாய்கள் மட்டுமே ஓடலாம் என்று விதி வகுத்துவிட்டனர் என்பதையும் மறைக்கவில்லை. பையனுக்குக் கதை பிடித்துவிட்டதாம். வரும் ஞாயிறன்று பூடில் வளர்க்கும் ஒரு குடும்பத்தின் வீட்டில் மாலைப்பொழுதைக் கழிக்கப் போகிறான். இன்ஹேலரும் உடன் செல்கிறது.