எண்கள் கூறும் சாட்சி

கராச்சர்மா என்னும் ஊர் தென் அந்தமானில், 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேருக்கு அருகே உள்ளது. 1942 மார்ச் 23-ஆம் நாள் ஜப்பானியப் படை இத்தீவில் இறங்கிற்று. 1945 அக்டோபரில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அப்படை கட்டிய பதுங்கரண்கள் கார்பின்ஸ் கோவ் கடற்கரையிலும் ராஸ் தீவிலும் இன்றும் நிற்கின்றன. இத்தகைய மண்ணில் ஒரு பழைய இரும்புத் துண்டு அகப்பட்டால், அதனோடு ஒரு போர்க்கதையும் முளைத்துவிடுவது இயல்பே.

1944 ஜனவரி 30-ஆம் நாள் ஹம்ஃப்ரிகஞ்சில் நாற்பத்து நான்கு இந்தியர், ஒற்றர் என்ற பழி சுமத்தப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்காலத்துச் சின்னம் என்று சொல்லி ஒன்றை விற்பவர், அவர்தம் துயரத்துக்கும் சேர்த்தே விலை கூறுகின்றார். ஆதலின் பொருள் மெய்யோ பொய்யோ என்று ஆராய்வதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட இயலாது.

போர்ச் சின்னங்களுள் பெருவிலை பெறுவது, மறைந்திருந்து சுடும் வீரனின் துப்பாக்கியில் பொருத்திய தொலைநோக்கி. அவ்வீரனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஸ்னைப்பர்’ என்ற பெயரே நம் நாட்டில் பிறந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிருந்த வெள்ளை அதிகாரிகள் ‘ஸ்னைப்’ எனப்படும் உள்ளான் பறவையைச் சுட்டு விளையாடினர். விர்ரென்று எழுந்து கோணல்மாணலாகப் பறக்கும் அதனை வீழ்த்துவது அரிது. வீழ்த்தியவனுக்கு அப்பெயர் நிலைத்தது.

பிரிட்டிஷ் படையின் ‘32-ஆம் எண்’ தொலைநோக்கியை எடுத்துக்கொள்வோம். மும்மடங்கு பெருக்கிக் காட்டும் இக்கருவி, லண்டனில் ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் நிறுவனத்தார் திருத்தியமைத்த நான்காம் எண் என்ஃபீல்டு துப்பாக்கிகளில் ஏறிற்று. துப்பாக்கியின் எண் தொலைநோக்கியைத் தாங்கும் சட்டத்தில் பொறிக்கப்படும். தொலைநோக்கியின் எண் மரக்கட்டையின் கழுத்தில், கட்டைவிரல் படியும் இடத்தருகே பதிக்கப்படும். கணவன் பெயரை மனைவியும் மனைவி பெயரை கணவனும் தாங்கி நிற்பது போன்ற ஏற்பாடு இது! இடையில் தொலைநோக்கி பழுதுபட்டு மாற்றப்பட்டால், பழைய எண்ணின்மீது ஒரு கோடு இழுத்துப் புதிய எண்ணைப் பதிப்பர். எனவே அடித்துத் திருத்திய எண்ணைக் கண்டு ஐயுற வேண்டா. அது பெரும்பாலும் நேர்மையின் அடையாளமே. எண்களெல்லாம் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில், சுற்றிலும் புதுமினுக்கோடு விளங்கினால் அன்றோ ஐயுற வேண்டும்!

ஜப்பானியர் முறை வேறு. அவர்தம் ‘97’ என்ற பெயர், அவர்களுடைய அரசாண்டுக் கணக்கில் 2597, அதாவது நம் 1937, என்பதன் கடைசி இலக்கங்கள். 6.5 மில்லிமீட்டர் துப்பாக்கியில் இரண்டரை மடங்குத் தொலைநோக்கி இடப்புறம் ஒதுங்கி இருக்கும். ஐந்து தோட்டாக்கள் கோத்த கிளிப்பை மேலிருந்து செருக வழி விடுவதற்காகவே இந்த ஒதுக்கம். தொழிற்சாலையிலேயே குறிப்பிட்ட ஒரு துப்பாக்கிக்கென்று சரிசெய்து இணைத்தனர். பிரிட்டிஷ் கருவியில் உள்ளதுபோல் தூரத்துக்கேற்பத் திருகும் வளையம் இதில் இல்லை. அத்தகைய வளையத்துடன் ஒன்றைக் காட்டி ‘97’ என்று ஒருவர் கூறினால், மேலே பேச்சுக்கு இடமில்லை.

கண்ணாடியும் சாட்சி கூறும். அக்காலத்தில் வில்லைகளைக் கனடா பால்சம் என்ற பிசினால் ஒட்டுவது வழக்கம். வயதேற ஏற அப்பிசின் மஞ்சளாகும். ஓரத்தில் பிரிந்து மேகம் கவிந்தாற்போல் காணும். அந்தமானின் ஈரக்காற்றிலோ பூஞ்சையும் இழையோடும். எண்பது ஆண்டு மண்ணில் கிடந்ததாகச் சொல்லப்படும் குழாய்க்குள் பளிங்குபோன்ற காட்சி தெரிந்தால், யாரேனும் அண்மையில் அதைத் திறந்திருக்க வேண்டும். அல்லது அது மண்ணில் கிடந்ததே இல்லை.

ஆயினும் எனக்கு எல்லாவற்றினும் வலிய சோதனையாகத் தோன்றுவது காலக்கணக்கே. ‘1942-இல் ஓடிய வெள்ளையர் கராச்சர்மாவில் விட்டுச் சென்றது’ என்று ஒருவர் 32-ஆம் எண் தொலைநோக்கியைக் காட்டுகிறார் என்று கொள்வோம். குழாயில் 1944 என்று பொறித்திருக்கிறது. கருவி அசலாகவே இருக்கலாம். கதை மட்டும் பொய். 1945-இல் தீவை மீட்க வந்த படையினரோடு வந்திருக்கக்கூடும். அதற்கும் பின்னர் வேறெங்கிருந்தோ வந்திருக்கவும் கூடும். ஜப்பானிய ‘97’ ஆயின், ஆண்டு கதைக்குப் பொருந்தும். ஆனால் பொருந்துவதனால் மட்டும் அது இத்தீவில் இருந்தது என்று ஆகிவிடாது. கண்டெடுத்த இடம், நாள், உடனிருந்தோர் ஆகியவற்றின் எழுத்துக் குறிப்பு வேண்டும்.

வீட்டுக் கொல்லையில் இத்தகைய பொருள் கிடைக்கப்பெறும் அன்பர்கள் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க முனைய வேண்டா. துருவோடு எண்ணும் போய்விடும். துப்பாக்கியோ தோட்டாவோ உடனிருந்தால் கையால் தொடாது காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமமின்றி அவற்றை வைத்திருப்பது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றமாகும். தனித்த தொலைநோக்கியாயினும், கிடந்த நிலையிலேயே ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வது நலம். பின்னர் எண்ணைப் படிக்க வருபவருக்கு அப்படமே முதல் ஆவணம்.