யாழ்ப்பாணத்து இடிபாடுகளும் நிழற்படக் கலையும்

பாழடைந்த கட்டடங்களைத் தேடிச் சென்று படம்பிடித்து, அவற்றின் சிதைவிலே அழகு காணும் வழக்கம் இந்நூற்றாண்டில் மேனாடுகளிற் பெரிதும் பரவியுள்ளது. அவ்வழக்கத்திற்குச் சிறந்த நிலைக்களனாய் அமைந்தவை கைவிடப்பட்ட மனநோய் வைத்தியசாலைகளாகும். தோமஸ் கேர்க்பிறைட் என்னும் அமெரிக்க மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வகுத்த முறைப்படி, ஒவ்வொரு விடுதியிலும் ஒளியும் காற்றும் புகும்வண்ணம் எழுப்பப்பட்ட மாளிகைகள் அவற்றுட் பல. நோயாளர் தொகை அளவிறந்து பெருகியமையாலும், பின்னர் மருத்துவ முறையே மாறியமையாலும் அவை வெறுமையுற்றன. கிறிஸ்தோபர் பெயின் என்னும் கலைஞர் அத்தகைய வைத்தியசாலைகள் எழுபதிற்குச் சென்று எடுத்த படங்கள் 2009இல் நூலாக வெளிவந்தன. உதிர்ந்த வர்ணப்பூச்சும் வரிசையாய்க் கிடக்கும் வெறுங் கட்டில்களும் காண்பாரைக் கவர்வன. ஆனால், அக்கட்டில்களிற் கிடந்தோர் யாவர் என்பதைப் படம் கூறாது.

யாழ்ப்பாணத்தில் அத்தகைய வைத்தியசாலைப் பாழ் இல்லை. எனினும் காலத்தாலும் போராலும் சிதைந்த கட்டடங்கள் பல உண்டு. அவற்றை நாடிவரும் படப்பிடிப்பாளரும் உளர். ஈழத்தில் இக்கலை புதியதன்று. 1870, 1871ஆம் ஆண்டுகளிலேயே யோசேப்பு லோட்டன் என்பவர் அநுராதபுரம், பொலன்னறுவை ஆகிய பழநகரங்களின் இடிபாடுகளை அரசாங்கத்தின் பொருட்டுப் படம்பிடித்தார். அவை பதிவுக்காக எடுக்கப்பட்டவை. அழகு தானாக வந்து சேர்ந்தது.

யாழ்ப்பாணத்துச் சிதைவிற்குத் தனித்தன்மை தருவது முருகைக்கல். குடாநாட்டிலும் தீவுகளிலும் உள்ள பழங் கட்டடங்கள் பல முருகைக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. பூச்சு உள்ளவரை சுவர் வெண்மையாய், ஒரே தன்மைத்தாய்த் தோன்றும். உப்புக்காற்றும் மாரிமழையும் பூச்சை அரித்து வீழ்த்திய பின்னரே கல்லின் உள்ளுரு வெளிப்படும். பூவிதழ் போலவும் மூளையின் மடிப்புப் போலவும் கடலுயிர்கள் சமைத்த கோலங்கள் சாய்ந்த வெயிலில் நிழலும் ஒளியுமாய் எழுந்து நிற்கும். போர்த்துக்கேயர் காலத்தது எனக் கருதப்படும் நெடுந்தீவுக் கோட்டையின் எஞ்சிய சுவர்களில் இதனைக் காணலாம். இவ்வழகு மெய்யானதே. ஆயினும் அது சுவரின் நோய்க்குறியுமாகும். பூச்சிழந்த கல் நீரை உறிஞ்சும். இடுக்குகளில் ஆலும் அரசும் வேரூன்றும். வேர் பருக்கக் கல் பிளக்கும். படப்பிடிப்பாளர் போற்றும் நிலை, கட்டடம் வீழ்வதற்கு முந்திய நிலையே.

காலத்தின் கையாற் சிதைந்தது ஒருவகை. மனிதர் கையாற் சிதைந்தது மற்றொருவகை. படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதே இங்குள்ள இடர். யாழ்ப்பாணக் கோட்டையை எடுத்துக்கொள்வோம். 1619இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்திய போர்த்துக்கேயர் அதனைக் கட்டினர். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்த கற்கள் அதற்குப் பயன்பட்டன என்பர். ஆகவே கோட்டையே ஓர் இடிபாட்டின்மீது எழுந்தது எனலாம். 1658இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோண வடிவிற் புதுக்கினர். 1706இல் உள்ளே சிலுவை வடிவான தேவாலயமொன்றையும் எழுப்பினர். 1795இற் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன் பின்னும் இருநூறாண்டளவு நிலைத்திருந்த அத்தேவாலயம், 1990ஆம் ஆண்டு முற்றுகையோடு தொடங்கிய அழிவில் மண்மேடாயிற்று. இன்று அதன் உருவத்தை அறிய உதவுவன பழைய வரைபடங்களும், அது முழுமையாய் நின்றபோது எடுக்கப்பட்ட படங்களுமே. கூரையும் சுவரும் செம்மையாயிருந்த கட்டடத்தைக் காட்டும் அச்சாதாரணப் படங்களில் அன்று எவரும் பேரழகு கண்டிரார். வரலாற்று மாணவனுக்கோ, இடிபாட்டின் எழில்மிகு படம் நூற்றினும் அவற்றுள் ஒன்று பெரிது.

நல்லூர் மந்திரிமனை வேறொரு பாடத்தைத் தருகின்றது. அதன் மரவேலைப்பாடும் மங்கிய சுவரும் படங்களில் யாழ்ப்பாண மன்னர் காலத்தை நினைவூட்டும். பெயரும் அவ்வாறே உரைக்கும். ஆனால் இன்றுள்ள கட்டடத்தின் அமைப்பிலே ஐரோப்பியர் காலக் கலப்பு வெளிப்படை. பழமைத்தோற்றம் வேறு, பழமை வேறு.

இவ்வனைத்தினும் சிக்கலானது பொது நூலகத்தின் வரலாறு. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வடிவமைப்பில் எழுந்து 1959இல் திறக்கப்பட்ட அந்நூலகம், 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் தேதி தொடங்கிய வன்செயலின்போது எரிக்கப்பட்டது. 97,000 அளவிலான நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. ஓரளவு புதுக்கப்பட்ட கட்டடம் பின் வந்த போரில் மீண்டும் சிதைந்து, நெடுங்காலம் பாழாய்க் கிடந்தது. 1998அளவில் மீள்நிருமாணம் தொடங்கியபோது, எரிந்த சுவர்களை நினைவுச் சின்னமாக அவ்வாறே விடல் வேண்டும் என்ற கருத்தும் எழுந்தது. அக்கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. வெள்ளை பூசிய சுவர் தீயைப்பற்றிச் சாட்சி சொல்லாது. ஆயினும் படிக்கும் மாணவனுக்கு வேண்டியது வாசிப்பறையே. நூலகம் பழைய வடிவிலேயே மீண்டும் எழுந்தது.

கரிபடிந்த அச்சுவர்களைக் காண விரும்புவோர் இன்று படங்களையே நாடவேண்டும். கூரையிழந்த கூடமும், சன்னற் கதவற்ற வெளியும், துளைபட்ட தூண்களும் அவற்றில் உள்ளன. நாளும் இடமும் காரணமும் கீழே குறிக்கப்படாத படமாயின், வேற்று நாட்டார் அதனை ஏதோ ஒரு பழைய மாளிகையின் எழில் என்றே கொள்வர்.