பட்டைகளை வாசிக்கும் கண்கள்: இபிஓ சோதனையின் மறுக்கப்பட்ட முடிவுகள்

2003 ஆகஸ்டில் ஜெர்மனியின் டூபிங்கனில் கென்ய ஓட்ட வீரர் பெர்னார்ட் லகாட் கொடுத்த சிறுநீர் இரண்டு புட்டிகளில் அடைத்து முத்திரையிடப்பட்டது. ‘ஏ’ புட்டியில் செயற்கை இபிஓ என்னும் ஊக்கமருந்து இருப்பதாக ஆய்வுக்கூடம் சொன்னது. அதே மாதம் பாரிஸில் நடந்த உலகத் தடகளப் போட்டியிலிருந்து அவர் விலகினார். அவர் ஓடவிருந்த 1500 மீட்டரின் தங்கம் மொராக்கோ வீரர் ஹிஷாம் எல் கெரூஜுக்குப் போனது. ‘பி’ புட்டியின் முடிவு முதல் முடிவை உறுதிசெய்யவில்லை. லகாட் விடுவிக்கப்பட்டபோது பாரிஸ் போட்டி முடிந்துபோயிருந்தது. ஒரே உடல், ஒரே வேளை, ஒரே சிறுநீர். முடிவு மட்டும் இரண்டு.

இதை ஆய்வுக்கூடத்தின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடுவது எளிது. சிக்கல் சோதனையின் இயல்பிலேயே இருக்கிறது என்பது என் வாதம். நாண்ட்ரலோன் என்னும் ஊக்கமருந்துக்கான சோதனை ஓர் எண்ணைத் தருகிறது: ஒரு மில்லிலிட்டரில் இத்தனை நானோகிராம். இபிஓ சோதனை தருவது ஒரு படம். படத்தை யாராவது வாசித்தாக வேண்டும்.

சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபோயட்டின், சுருக்கமாக இபிஓ, எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. தசைக்குச் செல்லும் ஆக்சிஜன் கூடுவதால் நெடுந்தூர ஓட்டத்தில் அதன் செயற்கை வடிவத்துக்கு அவ்வளவு கவர்ச்சி. வெள்ளெலியின் சூலகச் செல்களில் உற்பத்தியாகும் செயற்கை இபிஓவும் அதே புரதந்தான். அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள்தாம் வேறு. அதனால் மின்னேற்றமும் சற்று மாறுகிறது. 2000இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பிரான்சுவாஸ் லாஸ்ன், ஜாக் த சொரிஸ் இருவரும் இந்தச் சிறு வேறுபாட்டைப் பிடித்தார்கள். கூழ்மப் படலத்தில் மின்புலத்தைச் செலுத்தினால் இயற்கை இபிஓ அமிலப் பக்கமும் செயற்கையானது காரப் பக்கமும் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும். தொடக்கத்தில் காரப் பகுதியில் 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் குற்றம் என்று கொண்டார்கள். பிற்பாடு பட்டைகளின் இடமும் அடர்த்தியும் அளவுகோலாயின. புரதத்தை அளவின்படி பிரிக்கும் முறையும் வந்தது. ஆனாலும் மங்கிய ஒரு பட்டை எங்கே முடிகிறது, அதற்கு மேலுள்ள கறை எங்கே தொடங்குகிறது என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது நிபுணரின் கண்தான்.

உடலும் அந்தக் கண்ணை ஏமாற்றக்கூடும். பெல்ஜிய டிரையத்லான் வீரர் ருட்கர் பெக்க 2004இல் இபிஓ சோதனையில் சிக்கி, பதினெட்டு மாதத் தடை பெற்றார். கடும் உழைப்புக்குப் பின் அவருடைய சிறுநீரில் வெளியேறும் வேறு புரதங்களே பட்டைகளைக் குழப்பின என்று அவர் தரப்பு ஆய்வாளர்கள் காட்ட, 2005இல் தடை நீங்கியது. கிழக்காசிய மக்களில் சிலரிடம் இயற்கையாகவே உள்ள ஒரு மரபணு மாற்றம் சற்று நீளமான இபிஓவை உருவாக்குவதும், அது செயற்கை இபிஓ போலத் தோன்றுவதும் பின்னர் தெரியவந்தன. முன்பு ஐயத்துக்கு இடமின்றிக் குற்றம் எனப்பட்டிருக்கக்கூடிய படம், இன்று மரபணுச் சோதனைக்குப் போகிறது.

ஆஸ்திரேலியாவின் 800 மீட்டர் வீரர் பீட்டர் போலின் வழக்கு இன்னும் அண்மையது. 2022 அக்டோபரில் எடுத்த மாதிரிக்காக 2023 ஜனவரியில் அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். செய்தி வெளியே கசிந்தது. பிப்ரவரியில் ‘பி’ மாதிரி குற்றமென்றும் இல்லையென்றும் தேறாமல் நின்றது. ஆகஸ்டில் விசாரணை கைவிடப்பட்டது. இபிஓ கண்டதாக அறிவிக்கும் முன் வேறு நிபுணரின் இரண்டாம் கருத்தைப் பெற வேண்டும் என்ற விதி அப்போதே இருந்தது. அந்த நிபுணர் பார்ப்பதோ முதல் கூடம் எடுத்த அதே படம். ஒரே படத்தைப் பார்த்த இருவரை இரண்டு சாட்சிகள் என்று எண்ணுவதற்கில்லை.

கடுமையைத் தளர்த்தினால் கள்ளர் தப்புவர் என்ற எதிர்வாதத்தை நான் மதிக்கிறேன். ரஷ்ய ஓட்ட வீராங்கனை ஓல்கா யெகோரோவா 2001 ஜூலையில் பாரிஸில் இபிஓ சோதனையில் சிக்கினார். சிறுநீர்ச் சோதனையுடன் சேர்த்து இரத்தச் சோதனை நடக்கவில்லை என்ற நடைமுறைக் குறையால் விடுவிக்கப்பட்டு, எட்மண்டன் உலகத் தடகளப் போட்டியில் 5000 மீட்டர் தங்கமும் வென்றார். பிரிட்டன் ஓட்ட வீராங்கனை பாலா ராட்கிளிஃப் அரங்கில் எதிர்ப்புப் பதாகை பிடித்தார். அந்தக் கோபம் நியாயமானது. நேர்மையாக ஓடித் தோற்றவர்களின் வலி அதில் இருந்தது. ஆனால் 2008இல் யெகோரோவாவை வீழ்த்தியது பட்டை வாசிப்பன்று. அவர் கொடுத்த சிறுநீரின் டிஎன்ஏ அவருடையதன்று என்பது அம்பலமானது. அதை மறுக்க வழியில்லை. கள்ளரைப் பிடிக்கும் வலிமை மறுக்கமுடியாத சான்றில் இருக்கிறது. மங்கிய பட்டையைக் குற்றமாக்கினால் அது கூடிவிடாது.

ஆகவே ‘பி’ மாதிரியை முதல் கூடத்திடமே விடாமல் வேறொரு கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே புதிதாகக் கூழ்மம் வார்த்து, முதல் முடிவையும் வீரரின் பெயரையும் அறியாதவர் வாசிக்க வேண்டும். போட்டி நெருங்கும்போது ‘பி’ புட்டியைத் திறக்க நாள்கணக்கில் கெடு வைப்பதும் தேவை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் 1500 மீட்டரில் லகாட் எல் கெரூஜிடம் 0.12 விநாடியில் தங்கத்தை இழந்தார். முந்தைய ஆண்டு பாரிஸில் லகாட் ஓடாமல்போன அந்த ஓட்டத்தின் முடிவு என்னவாக இருந்திருக்கும் என்பதை எந்த ஆய்வுக்கூடமும் இனிச் சொல்ல முடியாது.