சோறு, மாத்திரை, கழிப்பறை: வயிற்றுப் பூச்சியோடு தமிழகம் நடத்திய போராட்டம்

"பிள்ளை நல்லாத்தான் சாப்பிடுது. ஆனா உடம்புல ஒட்டவே மாட்டேங்குது." தாய்மார்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் புலம்பல் இது. "வயித்துல பூச்சி இருக்கும்" என்பார்கள் பாட்டிமார்கள். வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுப்பார்கள். விளக்கெண்ணெய் ஊற்றி வயிற்றைக் கழுவுவார்கள். ஆனால் பசியையும் பூச்சியையும் ஒரே பிரச்சினையாகப் பார்க்க அரசுக்கு வெகுகாலம் பிடித்தது.

முதலில் வந்தது சோறு. 1920-ல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராய செட்டியார். தி.நகருக்குப் பெயர் தந்தவர் இவர்தான். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவழித்து உணவு தர அப்போது முடிவானது. 1956-ல் காமராஜர் மதிய உணவை மாநிலம் முழுக்கக் கொண்டு சென்றார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளிக்குப் போகாத 2 வயதுப் பிள்ளைக்கும் சோறு போட்டது.

சரி, தட்டில் விழுந்த சோறு முழுதும் பிள்ளையின் கணக்கில் சேர்ந்ததா? அங்கேதான் சிக்கல். உருண்டைப்புழு குடலில் இருந்துகொண்டு சத்தைப் பங்கு போடுகிறது. கொக்கிப்புழு குடல் சுவரைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சுகிறது. பிள்ளைக்குச் சோகை வருகிறது. பசி மந்தம், வயிற்றுவலி, படிப்பில் கவனமின்மை எல்லாம் கூடவே வரும். ஒரு பெண் உருண்டைப்புழு நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டைகள் வரை இடும். அவை மலத்தோடு மண்ணில் சேர்ந்து, அழுக்குக் கை வழியாக அடுத்த பிள்ளையின் வாய்க்குப் போகின்றன. கொக்கிப்புழுவின் குஞ்சோ வெறுங்காலைத் துளைத்துக்கொண்டே உள்ளே போய்விடும்.

இந்தக் கசிவை அடைக்கவும் முயன்ற திட்டம் ஒன்று 1980-ல், அதாவது சத்துணவுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, வந்தது. உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்தான் அது. கிராமங்களில் 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை கொடுத்தார்கள். கூடவே பூச்சி மருந்து, வைட்டமின் ஏ, தாய்மார்களுக்கு ஆலோசனை. எல்லோருக்கும் பொதுவாகச் சோறு போடுவதோடு நிற்காமல், எந்தக் குழந்தை தேறவில்லை, ஏன் தேறவில்லை என்று கேட்ட திட்டம் இது.

அடுத்த பெரிய படி 2015. அந்த ஆண்டு பிப்ரவரி 10 அன்று தேசியக் குடற்புழு நீக்க நாள் தமிழகம் உட்பட 11 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் தொடங்கியது. 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரை. 2 வயதுக்கு மேல் ஒரு முழு 400 மில்லிகிராம் மாத்திரை, அதற்குக் கீழ் பாதி.

மாத்திரை போட்டால் வேலை முடிந்ததா? இல்லை. உத்தரப் பிரதேசத்தில் சுமார் 10 லட்சம் குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2013-ல் வெளியானது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாத்திரை கொடுத்தும் சராசரி எடையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. பூச்சி நிறைய உள்ள பிள்ளைக்கு மாத்திரையால் பலன் உண்டுதான். ஆனால் மருந்து வயிற்றில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். மண்ணில் கிடக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது. அந்த முட்டை பல மாதங்கள், சில சமயம் ஆண்டுக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும்.

சென்னைக்கு இது நன்றாகப் புரியும். மாத்திரை நாள் தொடங்கிய அதே 2015-ன் டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தது. ஈக்காட்டுத்தாங்கலிலும் சைதாப்பேட்டையிலும் சாக்கடை கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் நுழைந்தது. வடிந்தபோது சேற்றை விட்டுப் போனது. அந்தச் சேற்றில்தான் பிள்ளைகள் மறுபடி நடந்தார்கள்.

சோறு 1920-லேயே வந்துவிட்டது. மாத்திரையும் வந்துவிட்டது. மூடிய சாக்கடை, சுத்தமான கழிப்பறை, காலுக்குச் செருப்பு, கைக்குச் சோப்பு ஆகியவை ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும். அதுவரை நாம் பிள்ளைக்குப் போடும் சோற்றில் ஒரு பங்கு பூச்சிக்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.