சிறுவாட்டுப் பணமும் அப்பத்தாவின் கணக்கும்

தீவுத் தமிழர் வரலாறு என்றால் கப்பல், ஜெட்டி, குடியேற்றம் என்றுதான் நாம் எழுதி வருகிறோம். அடுக்களைக் கடுகு டப்பாவுக்குள்ளும் ஒரு வரலாறு உண்டு. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துப் பெண்கள் ஒளித்துச் சேர்க்கும் அந்தப் பணத்துக்குச் சிறுவாடு என்று பெயர்.

ஹேடோவில் வாழ்ந்த எங்கள் அப்பத்தா பேங்கு வாசலை மிதிக்காமலே காலம் தள்ளியவர். கேட்டால், "பேங்குல போட்டா நம்ம காசை நாமளே வரிசையில நின்னு கெஞ்சி வாங்கணும்" என்பார். படிக்காதவர் பேச்சு என்று நாங்கள் சிரித்ததுண்டு. பின்னாளில் வரலாற்றைப் புரட்டியபோது சிரிப்பு அடங்கிவிட்டது.

1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலாகி, ஏராளமானோர் சேமிப்பு முடங்கியது. அந்த அதிர்ச்சியில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்று 1907-ல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். 1938-ல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கியும், 1960-ல் பாலை சென்ட்ரல் வங்கியும் கதவை மூடின. அதன் பிறகே, 1962 ஜனவரி 1 முதல், வங்கிப் பணத்துக்குக் காப்புறுதி வந்தது; அதுவும் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரைதான். ஆகவே நம் முன்னோர் வங்கியைக் கண்டு பயந்தது வெறும் அறியாமை அல்ல.

அப்பத்தாவின் பயம் பர்மாவில் பிறந்தது. அவருடைய ஐயா ரங்கூனில் சிறுகடை வைத்திருந்தார். 1963-ல் நே வின் அரசு வங்கிகளைத் தேசியமயமாக்கியதும், இருந்ததை எடுத்து வந்து 100 கியாட் நோட்டுகளாக அரிசி டின்னில் புதைத்தார். 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. கடையும் போய், பணமும் காகிதமாகி, குடும்பம் கப்பலேறியது. அப்பத்தாவுக்கு அப்போது இருபது வயது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் குடும்பத்தைக் கைவிட்டது வங்கியில் கிடந்த பணம் அல்ல. வீட்டில் ஒளித்த நோட்டு. ஆனாலும் அப்பத்தாவின் கோபம் கடைசிவரை வங்கி மேலேதான் இருந்தது! வீட்டிலே இருந்தால் பத்திரம் என்பதும் முழு உண்மை இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் தீவுகளில் வீட்டோடு போன டிரங்குப் பெட்டிகளுக்கு யாரிடம் கணக்குக் கேட்பது?

2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று டி.வி.யில் சொன்னார்கள். "இன்னொரு தடவையா?" என்றார் அப்பத்தா. மறுநாள் கடுகு டப்பா, தலையணை உறை, சாமிப்படத்தின் பின்புறம் எல்லாம் திறந்தன. 41 ஐந்நூறு ரூபாய் நோட்டுகள்! ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டோம். "சொல்லியிருந்தா உங்க தாத்தா குடிச்சே தீர்த்திருப்பாரு" என்றார். அவர் நம்பாதது வங்கியை மட்டுமல்ல என்பது அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு பல வருஷம் அந்த டப்பாவிலிருந்தே போயிருக்கிறது.

எழுபத்திரண்டு வயதில் அவர் பெயரில் கணக்குத் திறக்கப் போனோம். அவர் வட்டி எவ்வளவு என்று கேட்கவில்லை. "இதை எடுக்கணும்னா யாரு கையெழுத்து வேணும்?" என்றார். "உங்க கைநாட்டு மட்டும் போதும்மா" என்றார் அங்கிருந்த பெண். அதன் பிறகே சுருக்குப்பையை அவிழ்த்தார்.

வங்கிக் காப்புறுதி 2020 பிப்ரவரி முதல் ஐந்து லட்ச ரூபாயாக உயர்ந்துள்ளது. அது நல்லதே. ஆனால் சிறுவாடு என்பது தன் கையில் தனக்கென்று ஒரு காசு இருக்க வேண்டும் என்ற நியாயமான ஆசை. அந்த உரிமையை வீட்டுக்குள் கொடுத்துவிட்டால் டப்பாவுக்கு வேலை குறையும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இந்தக் கதைகளைக் கேட்டு எழுதி வையுங்கள். இதுவும் நம் தீவின் வரலாறுதான்.